ஈயச்சொம்பில் கேத்தி: சின்னப் படத்துக்கு நிறம் எப்படிக் கூடுகிறது?

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982-இல் வந்தது. அதன் கடைசிக் காட்சி நடப்பது ஊட்டிக்குக் கீழே இருக்கும் கேத்தி ரயில் நிலையத்தில். மழை, சேறு, புறப்படும் ரயில், உள்ளே எதுவும் நினைவில்லாத ஸ்ரீதேவி. ஒளிப்பதிவும் பாலு மகேந்திராதான்; தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தக் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து, 100 பிக்சல் அகலம், 100 பிக்சல் உயரத்தில் ஒரு ஐகான் செய்ய ஒரு ரசிகை உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளத்தின் காலத்து ரசிகர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஒரு கைவேலையை வளர்த்தெடுத்தார்கள். இன்றைய வாட்ஸ்அப் டி.பி. கோப்பாகப் பார்த்தால் பெரியது, ஆனால் அரட்டைப் பட்டியலில் தெரியும்போது ஏறக்குறைய அதே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

பெரிய படத்தில் நுணுக்கம் செய்யும் வேலையைச் சின்னப் படத்தில் நிறம்தான் செய்ய வேண்டும். அந்த நிறத்தை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு இந்த வரிசை சட்டென்று பிடிபடும்.

முதலில் பாத்திரம். ஈயச்சொம்பில் வைக்கும் ரசத்துக்கு அண்டா அளவில் உப்பு போட மாட்டோம். 1080 பிக்சல் உயரமுள்ள ஃபிரேமில் முகமும் கொஞ்சம் பின்னணியுமாக 800-க்கு 800 கட்டம் வெட்டியெடுத்து 100-க்கு 100 ஆகச் சுருக்கினால், பழைய படத்தின் 64 பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன. மென்பொருள் அவற்றின் சராசரியைத்தான் எடுக்கிறது. தேயிலைச் சரிவில் இது என்ன செய்யும் என்று பாருங்கள்: வெயில் பட்ட இளங்கொழுந்து, புதர்களுக்கு நடுவே ஓடும் இருண்ட தடம், இரண்டும் சேர்ந்து மங்கலான ஒரே பச்சையாகிவிடும். குன்னூர்ச் சரிவின் அழகே அந்த வரிகளில்தான் இருக்கிறது. சுருக்கியதும் முதலில் போவதும் அவைதான். பெரிய படத்தில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பளபளப்பு இங்கே வந்து சேராது. ஆகவே சுருக்கிய பிறகுதான் நிறத்தில் கை வைக்க வேண்டும்.

இதற்கு ஒரே விலக்கு, ஆளைப் பின்னணியிலிருந்து பிரிப்பது. அதைப் பெரிய படத்திலேயே செய்துவிட வேண்டும். கூந்தல் ஓரத்தில் மாஸ்க் கொஞ்சம் பிசிறடித்தாலும் சுருக்கும்போது சராசரியில் அது மென்மையாகிவிடும். 100 பிக்சலுக்கு வந்த பிறகு வெட்டினால் ஒரு பிக்சல் தவறுகூடப் பச்சை விளிம்பாக முகத்தைச் சுற்றி நிற்கும். காய் நறுக்குவது பெரிய பலகையில், ருசி சேர்ப்பது சொம்பில்.

அடுத்தது உப்பு, அதாவது இருளையும் வெளிச்சத்தையும் சீராக்கும் லெவல்ஸ். நீலகிரியில் எடுத்த படங்களுக்கு இது மிக முக்கியம். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை; எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால் படம் முழுக்க ஒரு வெள்ளைத் திரை விழுகிறது. 0 முதல் 255 வரை உள்ள அளவில், கறுப்பாக இருக்க வேண்டிய இடம்கூட 60-இல் நின்றுவிடலாம். ஹிஸ்டோகிராமின் இடது முனையை உள்ளே தள்ளினால் அந்த 60 கீழே இறங்கும். படத்துக்கு உயிர் வரும். ஆனால் முழுக்க 0 வரை இறக்கினால் பனியே போய்விடும், ஊட்டி வேறு ஏதோ ஊராகிவிடும். 30 அருகே நிறுத்துவது என் வழக்கம். முன்பு ஊட்டியிலேயே, 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஆலையில், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்தார்கள். கறுப்பு எவ்வளவு கறுப்பாக விழ வேண்டும் என்பதை அன்று ஃபிலிமும் டெவலப்பரும் இருட்டறை நேரமும் தீர்மானித்தன. ஆலை மூடிவிட்டது. அந்தத் தீர்மானம் இன்று ஒரு ஸ்லைடரில் இருக்கிறது, ஆனால் எங்கே நிறுத்துவது என்று பார்க்கும் கண் அன்றுபோலவே வேண்டியிருக்கிறது.

பிறகு விளாவுதல். புளித்தண்ணீரில் பருப்புத் தண்ணீரை விட்டதும் காரம் அடங்கி ரசம் தெளியும் அல்லவா, அந்த வேலையைச் செய்வது ‘ஸ்கிரீன்’. படத்தின் நகல் ஒன்றை மேல் லேயராக வைத்து, கலவை முறையை ஸ்கிரீனுக்கு மாற்றினால், மென்பொருள் இரண்டையும் தலைகீழாக்கிப் பெருக்கி, விடையை மீண்டும் தலைகீழாக்குகிறது. நடுச்சாம்பலான 128 ஏறக்குறைய 192 ஆகும். 0 அப்படியே 0, 255 அப்படியே 255. நடுவில் இருப்பது மட்டும் எழும்புகிறது. முகத்தின் நிழல்பக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இதற்கு நேர் எதிர் ‘மல்டிப்ளை’: அதே 128 சுமார் 64-க்கு இறங்கிவிடும். மழைநாள் ஃபிரேம்களுக்கு ஸ்கிரீன், பாதி ஒபாசிட்டியில், போதும்.

இனி பொடி, அதாவது நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷன். பெரும்பாலானோர் கெடுப்பது இங்கேதான். தேயிலையைப் பச்சை என்று நினைத்துப் ‘பச்சை’ ஸ்லைடரை இழுக்கிறார்கள், படம் அசைவதில்லை. கொழுந்தின் நிறத்தில் மஞ்சள் அவ்வளவு இருக்கிறது. மென்பொருளின் கணக்கில் அதில் பாதிக்கு மேல் ‘மஞ்சள்’ பகுதியில் விழுந்துவிடும். பொறுமையிழந்து மொத்த சாச்சுரேஷனையும் ஏற்றினால், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே இருக்கும் தோல் நிறமும் கூடவே ஏறி முகம் ஆரஞ்சாகிறது, மலை கிளிப்பச்சையாகிறது. அப்படி ஆன ஸ்ரீதேவியைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பாலு மகேந்திரா கிடைத்த வெளிச்சத்தை நம்பி எடுத்தவர்; அந்த அடக்கத்தை அழித்துவிட்டு அவர் படத்தை நேசிக்கிறோம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. திரையில் வெளிச்சம் என்று நம் கண் உணர்வதில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7. பச்சையை ஏற்றினால் பின்னணியே விளக்காகி, பார்வை முகத்தை விட்டுப் போய்விடும். ஆகவே பின்னணி லேயரில் மட்டும் மஞ்சளைக் குறைத்து, கறுப்பைக் கொஞ்சம் தூக்கி, நீலத்தைத் துளி சேர்க்க வேண்டும். தொட்டபெட்டாவிலிருந்து பார்க்கும்போது தொலைமலைகளும் இப்படித்தான் நீலமாகத் தெரிகின்றன: நடுவே இருக்கும் காற்றின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடித்து, தூரத்து இருட்டின் மேல் பூசிவிடுகின்றன. கண் இந்தக் குறியை ஆழம் என்று படிக்கிறது. வரிகள் தொலைந்த 100 பிக்சலிலும் இந்த ஆழம் தங்கிவிடும்.

பின்னணியையே மாற்றுவது என்றால் ஒரு எச்சரிக்கை. கேத்தி ஃபிரேமின் வெளிச்சம் மேகம் மூடிய வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. கூர்மையான நிழல் கிடையாது. அதன் பின்னே நண்பகல் வெயில் அடிக்கும் தேயிலைச் சரிவை ஒட்டினால், எவ்வளவு பிளர் செய்தாலும் சேராது. மேகமூட்டத்தில் எடுத்த சரிவு ஒன்றைத் தேடுங்கள்.

ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் உண்டு: ‘எக்ஸ்க்ளூஷன்’. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு 0, பச்சை 0, நீலம் 50 என்ற கருநீலத்தை நிரப்பி இந்த முறைக்கு மாற்றினால், நீலச் சேனலில் மட்டும் மாற்றம் நடக்கும். 0 இருந்த இடம் 50 ஆகும். 255 இருந்த இடம் 205-க்கு இறங்கும். நிழலில் நீலம் ஊறும், வெளிச்சத்தில் நீலம் குறைவதால் இளமஞ்சள் தெரியும். பழைய வண்ண அச்சின் சாயல் அது. 2000-களின் ஐகான்களில் அடிக்கடி கண்ட அந்த ஏக்கத் தொனிக்குப் பின்னால் இருந்தது இந்தச் சின்னக் கழித்தல் கணக்கு. கூடினால் நாறிவிடும், ஒபாசிட்டியில் கை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

தாளிப்பு கடைசியில்தான், அதாவது ஷார்ப்பன். விளிம்பின் ஒரு பக்கத்தை இருட்டாக்கி மறுபக்கத்தை வெளுப்பாக்குவதே அதன் வேலை. இங்கே ஒரு பிக்சல் என்பது படத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு, எனவே ரேடியஸ் 0.3 தாண்ட வேண்டாம். கண்ணிமையும் உதடும் துலங்கினால் போதும்.

சேமிக்கும்போது பிஎன்ஜி. சாதாரண ஜேபெக், வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நீள அகலம் இரண்டிலும் பாதியாக்கிவிடுவது வழக்கம். உங்கள் 100-க்கு 100 படத்தில் நிறம் 50-க்கு 50 தான் மிஞ்சும், புடவைச் சிவப்பு கன்னத்தில் கசியும். திறந்து திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால், திரும்பத் திரும்பச் சூடு காட்டிய ரசத்தின் கதிதான். லேயர்களோடு மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் ஃபோட்டோஷாப்பில் மட்டுமல்ல, இலவசமான கிம்ப்பிலும் செய்யலாம்.

டி.பி.க்காகச் செய்கிறீர்கள் என்றால் வட்டம் வெட்டும் என்பதை மறக்க வேண்டாம்: சதுரத்தின் பரப்பில் 21 சதவீதத்துக்கு மேல், நான்கு மூலைகளும், காணாமல் போகும். மலை முகட்டை மூலையில் வைக்காமல் தோளுக்கு மேலே கொண்டுவாருங்கள். கடைசியாகப் பெரிதாக்காமல், அசல் அளவில், கை நீட்டிய தூரத்தில் போனை வைத்துப் பாருங்கள். கண் முதலில் பச்சைக்குப் போனால் பின்னணி லேயரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.