கேம் கன்சோலுக்கு இணையம்: பிளானை மாற்றும் முன் ஒரு கேபிள் வாங்குங்கள்

பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வாங்கிய வீட்டில் ஓரிரு வாரத்திலேயே ஒரு கோரிக்கை எழும்: "நெட் ஸ்லோவா இருக்குப்பா, பிளானை மாத்துங்க." திரையில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே உறைந்து நிற்பார், இரண்டு நொடி கழித்துப் பார்த்தால் எதிரணி கோல் போட்டிருக்கும். பிள்ளையின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக 30 எம்பிபிஎஸ் இணைப்பை 200 ஆக்கி, மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவதில்தான் நியாயம் இல்லை. பல வீடுகளில் தெருவில் இருந்து வரும் ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது. ஹாலில் உள்ள ரவுட்டருக்கும் படுக்கையறையில் உள்ள கன்சோலுக்கும் நடுவே இருக்கும் முப்பது அடியில்தான் கோளாறு.

கன்சோலுக்கு இணையம் இரண்டு வேலைகளுக்குத் தேவை. ஒன்று, டவுன்லோட். இன்றைய பெரிய கேம்கள் பலவும் 100 ஜிபியைத் தொடுகின்றன. டிஸ்க் வாங்கிப் போட்டாலும் அப்டேட் என்று பல ஜிபி இறங்கும். 100 ஜிபி இறங்க, 30 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏழரை மணி நேரம் ஆகும். 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம். இரவு படுக்கப் போகும்போது கன்சோலை ரெஸ்ட் மோடில் விட்டால் காலையில் கேம் தயாராக இருக்கும். ஆக, ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்பவருக்கு 30 எம்பிபிஎஸ்ஸே போதும். இந்த வேகம் மாதம் 400 முதல் 500 ரூபாய்க்குள், 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக, பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது.

இன்னொன்று, ஆட்டம். படம் முழுவதும் கன்சோலுக்குள்ளேயே உருவாகிறது. இணையத்தில் போய்வருவது யார் எங்கே நிற்கிறார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்ற சின்னச் சின்னத் தகவல்கள் மட்டுமே. ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பெரும்பாலும் சில நூறு எம்பிகூட ஆகாது. அதே ஒரு மணி நேரம் எச்டி வீடியோ பார்த்தால் இதைவிடப் பல மடங்கு டேட்டா போகும்.

ஆட்டத்தைக் கெடுப்பது பிங். நாம் அழுத்திய பொத்தானின் தகவல் சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம் அது, மில்லிசெகண்டில் சொல்வார்கள். ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையில் இருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் ஐ2ஐ கேபிள் 2002-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் சுமார் 3,200 கி.மீ. அந்த வழியாகப் போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். 400 ரூபாய் பிளானுக்கும் 4,000 ரூபாய் பிளானுக்கும் கடல் ஒன்றுதான். சர்வரைத் தேர்வுசெய்யும் வசதி உள்ள கேம்களில் அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது, காசு செலவில்லாத முதல் வேலை.

நம் கையில் இருப்பது வீட்டுக்குள் சேரும் தாமதம். அதுவும் சீராக இருந்தால் தொல்லை இல்லை. பிங் எப்போதும் 60 என்றால் கை அதற்குப் பழகிவிடும். 22, 25, 180, 24 என்று குதித்தால் எந்தக் கெட்டிக்காரராலும் ஆட முடியாது. இந்தக் குதிப்பு பெரும்பாலும் வைஃபையில்தான் பிறக்கிறது.

நம் வீடுகளில் ஃபைபர் போட வருபவர் வாசலுக்கு மேலேயோ பரணிலோ ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து சிக்னல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தூண், ஆளுயர இரும்பு பீரோ எல்லாவற்றையும் கடந்து வர வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். ஆனால், பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். சுவரைக் கண்டால் அது சோர்ந்துவிடும். 2013-ல் வந்த முதல் பிஎஸ்4-க்கு 2.4 மட்டுமே தெரியும். 2016-ல் வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்கள்தான் 5-ஐயும் பிடித்தன. செகண்ட் ஹாண்டில் பிஎஸ்4 வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய மாடலை வாங்கிவிட்டு ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கெல்லாம் மருந்து, லேன் கேபிள். பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் அனைத்திலும் பின்பக்கம் அதற்கான துளை இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் மட்டும் 2017 மாடலின் டாக்கில் கிடையாது. தனியாக யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்க வேண்டும். 2021-ல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

கடையில் 'கேமிங் கேபிள்' என்று நூல் பின்னி, விலையை ஏற்றி விற்பதை நாட வேண்டாம். கேட்5இ வகையே 100 மீட்டர் தூரம்வரை நொடிக்கு 1 ஜிகாபிட் கடத்தும். கேட்6-ம் சில நூறு ரூபாய்க்குள் பத்து மீட்டர் கிடைக்கும் என்பதால் அதையே வாங்கலாம். கேட்7, கேட்8 எல்லாம் கன்சோலுக்குத் தேவையில்லாத செலவு.

ஒன்றை மட்டும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மலிவான கேபிள்களில் பல, உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சுமாக இருக்கும். மீட்டர் கணக்கில் வாங்கும்போது ஒரு கம்பியின் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். அது மூலையில் மடக்கும்போதே ஒடியும். முனையில் பிளக் அடிக்கும்போது எட்டுக் கம்பிகளும் இரு பக்கமும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். நீலமோ பிரவுனோ சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு வேலை செய்யும். ஆனால், 1,000-க்குப் பதில் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 'கேபிள் போட்டும் வேகம் 95-ஐத் தாண்டவில்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த பிளக்கை. அடுத்து, ரவுட்டரின் போர்ட்டே 100 வகைதானா என்பதை.

வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். கதவுக்கு அடியில் போகும்படி தட்டையான கேபிள் இருக்கிறது. சுவரோரம் ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங் பட்டியும் இருக்கிறது. ஏசி பைப் போகும் துளையில் பெரும்பாலும் ஒரு கேபிளுக்கு இடம் இருக்கும். ஆனால், கரன்ட் ஒயர் போகும் அதே பைப்புக்குள் லேன் கேபிளை இழுக்கவே கூடாது. 230 வோல்ட் கசிந்தால் கன்சோலோடு போகாது, ஆளையும் அடிக்கும்.

கேபிளே போட முடியாது என்றால் முதலில் ரவுட்டரைப் பரணில் இருந்து இறக்கி, கன்சோல் இருக்கும் பக்கமாகத் திறந்த இடத்தில் வையுங்கள். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கன்சோலை 5-ல் இணையுங்கள். இரண்டுக்கும் செலவில்லை. அடுத்தது, லேன் துளை உள்ள இரட்டை அலைவரிசை ரிப்பீட்டர். கன்சோல் இருக்கும் அறையில் அதை வைத்துச் சிறு கேபிளால் இணைத்தால், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாத பழைய பிஎஸ்4-ம் அந்த அலைவரிசையின் பலனைப் பெறும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரில் பிரிட்ஜ் அல்லது கிளையன்ட் மோடு இருந்தால் அதுவே ரிப்பீட்டர் ஆகிவிடும். லேப்டாப்பின் வைஃபையை லேன் கேபிள் வழியாகக் கன்சோலுக்குப் பகிரவும் விண்டோஸில் வழி உண்டு. ஆடி முடியும்வரை லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சார ஒயரிலேயே இணையம் கடத்தும் பவர்லைன் அடாப்டரை நம் வீடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலே தடுமாறும், விலையும் அதிகம்.

ஃபைபர் எட்டாத ஊர்களில் மொபைல் ஹாட்ஸ்பாட்டே கதி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் பேக்கில் ஆடலாம். ஆனால், 100 ஜிபி கேம் ஒன்றை இறக்க 50 நாள் ஆகும். போனை யுஎஸ்பியில் செருகினால் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ அதை இணைய இணைப்பாக ஏற்காது, வைஃபை ஹாட்ஸ்பாட்தான். 2023-ல் வந்த ஏர்ஃபைபர் வகை 5ஜி இணைப்புகள் இதைவிட மேல் என்றாலும், டவரில் கூட்டம் கூடும் மாலை வேளையில் பிங் ஏறும். ஃபைபர் கிடைக்கும் தெருவில் இதை வாங்குவதில் அர்த்தமில்லை.

கேபிளும் போட்டாகிவிட்டது, வேகமும் இருக்கிறது, ஆனாலும் கேமுக்குள் நண்பரின் அறையில் சேர முடியவில்லை, வாய்ஸ் சாட் கேட்கவில்லை என்றால் அது வேறு நோய். பிளேஸ்டேஷனில் நெட்வொர்க் டெஸ்ட் ஓட்டினால் 'நேட் டைப் 3' என்று காட்டும், எக்ஸ்பாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்'. உலகில் ஐபிவி4 வகை இணைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் பல நூறு வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அடுக்குமாடியின் கதவு எண் மட்டும் எழுதி, வீட்டு எண் எழுதாமல் வரும் கடிதத்தின் நிலைதான் அப்போது நண்பரிடம் இருந்து வரும் இணைப்புக்கும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கம் இருந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். கஸ்டமர் கேரில் பொது ஐபி கேளுங்கள். சிலர் கேட்டதும் தருவார்கள், சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள். இணைப்பு தரும்போதே இதைச் சொல்லாமல், பிரச்சினை என்று போனால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வது முறையல்ல. பிளான் மாறினாலும் இந்த நோய் தீராது.

முகவரி ஒழுங்காக இருந்தும் இதே கோளாறு வந்தால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். நாமே வாங்கி மாட்டிய இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, முதல் ரவுட்டரின் செட்டிங்ஸில் யுபிஎன்பி (UPnP) என்ற வசதியை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆட்டத்தின் நடுவே திடீரென பிங் எகிறினால், வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களையும் வீடியோக்களையும் பேக்கப் செய்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்லோட் வழி அடைபட்டால் ஆட்டத்தின் தகவலும் வரிசையில் நிற்கும். பேக்கப்பை இரவுக்குத் தள்ளினால் தீர்ந்தது.

கேமிங் ரவுட்டர் வாங்குவதையும் பிளான் மாற்றுவதையும் இந்த வாரம் தள்ளிப்போடுங்கள். கன்சோலை ஒரு நாள் ஹாலுக்குத் தூக்கி வந்து, ரவுட்டரோடு நேரடியாகக் கேபிளில் இணைத்து ஆடவிட்டுப் பாருங்கள். அங்கே ஆட்டம் சீராக ஓடினால் உங்கள் பிளான் போதும். கேபிளுக்கு மட்டும் காசு எடுத்து வையுங்கள்.