கழுந்தும் துளையும்

பங்குனியில் திருப்பரங்குன்றத்துப் பெரிய தேர் மலையைச் சுற்றி வரும்போது ஆடுகிறது, குலுங்குகிறது, முட்டுக்கட்டையில் மோதி நிற்கிறது. அத்தனை மரமும் எப்படிப் பிரியாமல் இருக்கிறது? டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு கட்டையின் முனையை ஆசாரி ஒடுக்கிச் செதுக்குவார், அது கழுந்து. அது இறுக்கமாக நுழையும்படி இன்னொரு கட்டையில் உளியால் துளை எடுப்பார். கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணி அடித்துவிட்டால் கழன்று வராது. பெரிய தேர்களில் இரும்புப் பட்டையும் போல்ட்டும் உண்டு என்றாலும், கட்டுமானத்துக்கு அடிப்படை இந்தப் பூட்டுதான்.

இரும்பு ஆணி மட்டும் ஏன் போதாது? வெட்டிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. இரும்பு இதற்கு ஈடுகொடுக்காது, துருவும் பிடிக்கும். ஆணி இறங்கிய இடம் நாளடைவில் தளர்ந்துவிடும். நன்றாக உலர்ந்த மரத்தில் எடுத்த கழுந்தோ மரத்தோடு சேர்ந்து அசைந்துகொடுக்கும்.

விவிலியக் காலத்துத் தச்சரும் இதை அறிந்திருந்தார்கள். யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பலகை செய்யும் முறை இருக்கிறது. வேல மர இனத்தைச் சேர்ந்த சீத்திம் மரம். 10 முழ நீளம், ஒன்றரை முழ அகலம். பலகைக்கு இரண்டு கழுந்து, அவை இறங்க இரண்டு வெள்ளிப் பாதம். வனாந்தரத்தில் கழற்றிச் சுமந்துபோய், அடுத்த இடத்தில் மறுபடி பூட்ட வேண்டிய கூடாரம் அது. ஆணி அடித்து இறுக்கியிருந்தால் நாலு தடவை கழற்றுவதற்குள் பலகை பிளந்திருக்கும்.

மரம் நல்லதாக இருந்தால்தான் கழுந்து நிலைக்கும். அதனால்தான் தேருக்கு வைரம் பாய்ந்த இலுப்பை, வேங்கை, தேக்கு என்று தேடுகிறார்கள். சாலொமோன் ஆலயத்துக்கு லீபனோனிலிருந்து கேதுரு மரத்தைத் தெப்பமாகக் கட்டிக் கடல்வழியே யோப்பாவுக்குக் கொண்டுவந்ததும் இந்தத் தேடல்தான். நம் நாட்டுத் தேக்கும் கடல் கடந்தது: எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில், ரோமானியர் காலக் கட்டடங்களில் அது அகழாய்வில் கிடைத்திருக்கிறது.

இன்று பல தேர்களுக்குச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் ஆலையிலிருந்து இரும்பில் வருகின்றன. மேலே உள்ள மரவேலை ஆசாரிகள் கையில்தான் இருக்கிறது. கழுந்தை எவ்வளவு இறுக்கினால் துளை வெடிக்காது என்பது பக்கத்தில் நின்று பழகினால் மட்டுமே வரும் அறிவு. தேர்த் திருப்பணி நடக்கும் ஒவ்வொரு ஊரிலும் இளைஞர்கள் சிலரையாவது கூலி கொடுத்து அந்த வேலையில் சேர்க்க வேண்டும். தேரைப் புதுப்பிக்கும் செலவில் அது மிகச் சிறிய பங்கு. அடுத்த தேரைச் செய்யப்போகிறவர்கள் அவர்கள்தான்.