மூக்குச் சளியும் சாட்சி சொல்லும்

சுபஹுக்கு எழும்பினால் எங்கள் வீட்டில் முதலில் கேட்பது என் மகனின் தும்மல்தான். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. பிறகு மூக்கு தண்ணீராக வடியும், கண் கடிக்கும். பாடசாலைக்குப் போய் இரண்டாம் பாடவேளை வரும்போது சரியாகிவிடும். நாங்கள் அதைத் தடிமன் என்றே நினைத்திருந்தோம். புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வேறு. அந்த ஒரு வருடத்துக்குள் நான்கு முறை அன்டிபயோடிக் கொடுத்தோம். அதில் ஒரு முறை டொக்டரிடமும் போகவில்லை; அலுமாரியில் மிஞ்சிக் கிடந்ததை நானே எடுத்துக் கொடுத்தேன். இத்தனைக்கும் நான் ஓர் ஆசிரியர்.

கடைசியில் நாங்கள் காட்டிய காது, மூக்கு, தொண்டை நிபுணர் சளியைப் பரிசோதிக்க எழுதித் தந்தார். சளியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பஞ்சு சுற்றிய குச்சியை மூக்கினுள் விட்டு மெதுவாக உருட்டி எடுப்பார்கள். அதைக் கண்ணாடி வழுக்கியில் பூசி, காயவிட்டு, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். தேடுவது வெண்குருதிக் கலங்களை. எந்த வகைக் கலம் வந்து குவிந்திருக்கிறது என்பதே கேள்வி. பற்றீரியாத் தொற்று என்றால் நியூட்ரோபில்கள் கூட்டமாக இருக்கும். சிலவேளை அவை விழுங்கிய பற்றீரியாவும் உள்ளே தெரியும். ஒவ்வாமை என்றால் இயோசினோபில்கள் மிகுந்திருக்கும். இயோசின் என்ற சாயத்தைப் பிடித்துச் செம்மஞ்சளாகத் தெரியும் மணிகள் அவற்றில் நிறைந்திருக்கும். ஜேர்மனியரான போல் எர்லிக் 1879இல் இக்கலத்தை விவரித்தார். சாயத்தின் பெயரே கலத்துக்கும் வந்தது. இயோஸ் என்றால் கிரேக்க மொழியில் விடியல். விடியலில் தும்மும் என் மகனுக்குப் பொருத்தம்தான்.

சளி பச்சையாக வந்தால் அன்டிபயோடிக் கட்டாயம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்தப் பச்சை, நியூட்ரோபில்களில் உள்ள ஒரு நொதியத்தின் நிறம். சாதாரண வைரசுத் தடிமனிலும் அது வரும். வைரசுக்கு அன்டிபயோடிக் வேலை செய்யாது.

ஆனால் இந்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஒவ்வாமை இல்லாமலே இயோசினோபில் கூடும் மூக்கு நோயும் உண்டு. மறுபக்கம், ஸ்டீரொயிட் ஸ்பிரே பாவித்தால் ஒவ்வாமை உள்ளவரிடமும் அவை குறைந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எதற்கு ஒவ்வாமை என்பதையும் சளி காட்டாது. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ ஐஜீஈ இரத்தப் பரிசோதனையோ வேண்டும். உண்மையில் எங்கள் டொக்டர் முதலில் செய்தது கேள்வி கேட்டதுதான்: எந்த நேரம் தும்மல், கண் கடிக்கிறதா, குடும்பத்தில் ஆஸ்துமா உண்டா? பலருக்கு அந்தக் கேள்விகளே போதும், வழுக்கி தேவைப்படாது.

மகனின் அறிக்கையில் இயோசினோபில் மிகுதி, பற்றீரியா இல்லை. தோல் பரிசோதனையில் சிக்கியது, மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. இப்போது மூக்குக்கு ஸ்பிரே; தலையணை உறைகளுக்கு வாராவாரம் சுடுதண்ணீர். தும்மல் முற்றாக நிற்கவில்லை, நாலைந்தாகக் குறைந்திருக்கிறது.

போன கிழமை பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார். மகளுக்குத் தடிமனாம், மிச்ச மாத்திரை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிள்ளைக்குக் காலையில்தான் தும்மலா, கண்ணும் கடிக்கிறதா என்று கேட்டேன்.