வரிசைக்குள் உயர்ந்த எண்

ஒரு பள்ளியின் மதிப்பெண் அட்டவணை கணினியின் தரவுத்தளத்தில் இருப்பதாகக் கொள்வோம். மாணவருக்கு ஒரு வரிசை. காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டுப் பரீட்சைகளுக்கு மூன்று பத்திகள். அரையாண்டுப் பரீட்சையில் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் எது என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஒரு மாணவி மூன்று பரீட்சைகளிலும் பெற்றவற்றுள் உயர்ந்தது எது என்பது வேறொரு கேள்வி. முன்னது பத்தி வழியே மேலிருந்து கீழே இறங்குவது. பின்னது வரிசைக்குள் இடமிருந்து வலமாகச் செல்வது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததும் தரவுத்தளங்களை வினவ உதவுவதுமான எஸ்.க்யூ.எல். மொழியில், முதற் கேள்விக்கு 'மேக்ஸ்' என்னும் சாதனம் உண்டு. இரண்டாவதற்கு உரிய 'கிரேட்டஸ்ட்' ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் நெடுங்காலமாக வழங்கிவந்தும், சர்வதேசத் தரநிர்ணயத்தில் 2023-இல்தான் இடம்பெற்றது.

மாணவி காலாண்டில் 72, முழுஆண்டில் 85 வாங்கியிருக்கிறாள்; அரையாண்டின்போது அம்மை கண்டு பரீட்சைக்கே வரவில்லை. அந்த இடத்தில் பூஜ்யம் எழுதுவது அநியாயம். ஆகையால் 'தெரியாது' என்று பொருள்படும் 'நல்' என்னும் குறியை இடுகிறார்கள். இப்போது அவளுடைய உயர்ந்த மதிப்பெண் எது என்று வினவினால், போஸ்ட்கிரெஸ் வராத பரீட்சையை ஒதுக்கிவிட்டு 85 என்கிறது. ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லும், தெரியாத ஒன்று நடுவே இருக்கையில் எது பெரியதென்று எவ்வாறு நிச்சயிப்பது என்னும் தர்க்கத்தைப் பற்றிக்கொண்டு, 'நல்' என்றே விடை தருகின்றன. அந்தத் தர்க்கத்தில் பிழையில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், எழுதிய இரண்டு பரீட்சைகளின் பலனும் பட்டியலிலிருந்து மறைந்துபோவது அந்தச் சிறுமிக்கு இழைக்கப்படும் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

இதற்குப் பரிகாரமாக, 'நல்' இருக்குமிடமெல்லாம் பூஜ்யத்தை வைத்து ஒப்பிடும்படி 'கோஅலெஸ்' என்னும் சாதனத்தைச் சேர்ப்பவர் பலர். மதிப்பெண் குறைந்தது பூஜ்யமே ஆதலால், ஒரு பரீட்சையாவது எழுதியவருக்கு இதனால் ஹானியில்லை. ஒன்றுமே எழுதாதவர் பூஜ்யம் வாங்கியவராகிவிடுவார். ஆனால் இதே வழக்கத்தை லே நகரத்தின் குளிர்கால வெப்பநிலைக்குக் கொண்டுபோனால், ஓர் இரவு மைனஸ் 8, மறு இரவு மைனஸ் 12, மூன்றாம் இரவு கருவி பழுது என்றிருக்கையில், ஒருபோதும் பதிவாகாத பூஜ்யமே மூன்றிலும் உயர்ந்ததாகப் பிரசுரமாகும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் 2022-ஆம் ஆண்டுப் பதிப்புக்குமுன் 'கிரேட்டஸ்ட்' இல்லாதிருந்தமையால், அதில் வேலை செய்தவர்கள் ஒரு வரிசையின் மூன்று மதிப்புகளையும் தற்காலிகமாக ஒரு பத்தியாக நிறுத்தி, அதன்மேல் 'மேக்ஸை'ச் செலுத்தும் உபாயத்தைக் கையாண்டார்கள். 'மேக்ஸ்' தெரியாதவற்றைத் தானே ஒதுக்கிவிடும். எல்லாமே தெரியாதவையானால் மட்டும் 'நல்' என்று சொல்லும். மாணவிக்கு 85 கிடைக்கிறது, லே நகருக்கு மைனஸ் 8 கிடைக்கிறது; எழுத்து சற்று நீண்டாலும், ஆரக்கிளிலோ மைஎஸ்க்யூஎல்லிலோ இன்று இக்கேள்வியை எழுதுகிறவருக்கும் இந்த வழியையே நான் சிபாரிசு செய்வேன்.