வாலாஜாபாத் யந்திரசாலைகளும் இரண்டாவது பிரதியும்

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையில் யந்திரசாலைகள் பெருகிவிட்டதை நேயர்கள் அறிவார்கள். அவற்றின் வரைபடங்களும் கணக்குகளும் இன்று பீரோக்களில் இல்லை. கணினிச் சேமிப்பகங்களில் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட காஞ்சீபுரம் ஜில்லாவில், அவற்றுக்கு வேறிடத்தில் இன்னொரு பிரதி வேண்டுமா என்று எவரும் வாதிக்கமாட்டார். வாதமெல்லாம் செலவைப் பற்றியதே.

நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பு, தடையின்றி ஓடினாலும் மணிக்கு 45 ஜிகாபைட்டுக்கு மேல் சுமக்காது. ஒரு நாளின் மாற்றங்கள் 90 ஜிகாபைட்டானால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மூல யந்திரம் கெட்டால், போய்ச் சேராத பகுதி போனது போனதுதான். பாதியாகச் சுருக்கி அனுப்பினால் அபாய நேரமும் ஒரு மணியாகக் குறைகிறது. 2013-ல் மறைந்த தந்திக்குச் சொல் கணக்கில் காசு கொடுத்த வியாபாரிகள், வாக்கியத்தை ஒரே குறிச்சொல்லாக்கி அனுப்பியதும் இந்தச் சிக்கனம் கருதியே. 1977-ல் லெம்பெல், சிவ் என்னும் இஸ்ரேல் அறிஞர் இருவர் வெளியிட்ட முறையோ, முன் வந்த தொடர் மீண்டும் வருமானால் அது முன்பு நின்ற இடத்தை மட்டும் சுட்டுகிறது. மறுமுனையில் ஓரெழுத்தும் குறையாமல் விரிகிறது.

ஆயினும், 'பாதியாகும், காலாகும்' என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே ஏற்கலாகாது. கணக்கேடுகள் நன்றாகச் சுருங்கும். காமிராப் படங்களும் வீடியோவும் முன்னமே சுருக்கப்பட்டவை. மேலும் சுருங்குவது அரிது. இரகசியக் குறியாக்கம் செய்தபின் சுருக்க முயல்வதும் வீணே. சுருக்கிய பிறகே பூட்ட வேண்டும். சொந்தத் தரவை ஒரு வாரம் ஓட்டி அளந்து பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது விவேகம் என்பது நமது அபிப்பிராயம்.

அளவைச் சுருக்கலாம், தூரத்தைச் சுருக்க முடியாது. கண்ணாடி இழையில் ஆயிரம் கிலோமீட்டர் கடக்க ஒளிக்கே ஏறக்குறைய 5 மில்லிநொடி ஆகிறது. மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை தனது ஆபத்துக்கால நிலையத்தைச் சென்னையில் வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரி 24-ந் தேதி, இரண்டு கம்பெனிகளின் தொலைத்தொடர்பு இணைப்புகளும் தடுமாற, சேமிப்பகம் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. காலை 11.40 மணிக்கு நின்ற வியாபாரம் மாலை 3.45-க்கே திரும்பத் தொடங்கியது. சென்னை நிலையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை! பிறகு 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் வியாபாரத்தை அந்நிலையத்துக்கு மாற்றி நடத்திப் பார்த்தார்கள்.

வாலாஜாபாத் முதலாளிகளில் எத்தனை பேர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள்? வருகிற விடுமுறை நாளொன்றில் மூல யந்திரத்தை நிறுத்திவிட்டு, இரண்டாவது பிரதியைக் கொண்டே ஒரு பில் போட்டுப் பார்க்கட்டும்.