வங்காளி யார்?

மலேசியாவில், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் ‘வங்காளி’ யார் என்று கேட்டால், தலைப்பாகை கட்டிய பஞ்சாபியைத்தான் கைகாட்டுவார்கள். அவருடைய பூர்வீகம் அமிர்தசரஸ் பக்கம். வங்காளம் அங்கிருந்து ஆயிரம் மைல். கல்கத்தாவில் கப்பலேறி வந்த பாவத்துக்கு மலாய் வாயில் ‘பெங்காலி’ ஆனார், தமிழ் வாயில் வங்காளி ஆனார் என்பார்கள். பெயர் தப்பு, ஆனால் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொள்வது எப்படி? 1999இல் அமெரிக்க உளவியலாளர்கள் சூசன் கெல்மனும் கெயில் ஹேமனும் ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னார்கள். சிலரிடம், ‘வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கேரட் தின்பாள்’ என்றார்கள். சிலரிடம் ‘அவள் கேரட்தின்னி’ என்றார்கள். இரண்டாவதைக் கேட்ட பிள்ளைகள்தாம், யார் தடுத்தாலும் அவள் விடமாட்டாள், எப்போதும் அப்படித்தான் என்று கூடுதலாக நம்பினார்கள். தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ‘குடிக்கிறான்’ என்றால் நாளைக்கு நிறுத்தலாம். ‘குடிகாரன்’ என்றால்?

2012இல் மார்ஜரி ரோட்ஸும் சகாக்களும் ‘ஸார்ப்பி’ என்ற கற்பனை மனிதர்களைப் படப்புத்தகத்தில் உலவவிட்டார்கள். ‘இந்த ஸார்ப்பிக்குப் பூச்சி என்றால் பயம்’ என்று கேட்ட நான்கு வயதுப் பிள்ளைகளைவிட, ‘ஸார்ப்பிகளுக்குப் பூச்சி என்றால் பயம்’ என்று கேட்டவர்கள், அது அவர்களுக்குப் பிறவியிலேயே வந்த குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘இந்த ஆளுங்களே இப்படித்தான்’ என்று பெரியவர்கள் போகிறபோக்கில் சொல்வது பிள்ளையின் காதில் இப்படித்தான் விழுகிறது.

இனி, மலேசியத் தமிழரைச் சுடும் ‘கெலிங்’. லூனாஸிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் போனால், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. அங்கே அது மரியாதையான பதவிப் பெயரின் பகுதி. ‘கெலிங்’ கலிங்கம் என்பதன் திரிபு என்பதே பரவலான விளக்கம். வணிகனைக் குறித்த அந்தச் சொல், பால்மரம் வெட்டும் கூலியின் மேல் விழுந்த பிறகு தரம் இறங்கியது. மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ மூக்கைப் பொத்தவைத்த கதைதான். ஆகவே, ‘மூலத்தில் கெட்ட அர்த்தம் இல்லையே’ என்ற வாதம் நிற்காது. நாறுகிறது என்றால் யாரும் சங்க இலக்கியத்தைப் புரட்டப் போவதில்லை. 2003இல் மலாய் அகராதியில் இந்தச் சொல் இடம்பெற்றதை எதிர்த்து வழக்கே நடந்தது.

‘இன்டர்லொக்’ நாவலின் கதை இன்னும் சிக்கல். எழுதியவர் கெடா, யான் வட்டாரத்தில் பிறந்த அப்துல்லா ஹுசைன். 2011இல் அது பள்ளிப் பாடமானபோது, இந்தியத் தொழிலாளரைக் குறிக்க அதில் வந்த ‘பறையா’ என்ற சொல்லுக்காக எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாவலைத் திரும்பப் பெற முடிவானது. எதிர்ப்பு நியாயமே. ஆனால், பறை என்ற இசைக்கருவியின் வழியே வந்த அந்தப் பெயரை வசைச்சொல்லாக்கிக் கப்பலேற்றியவர்கள் மலாய்க்காரர்கள் அல்லர். ஊரிலேயே சேரி பிரித்தவர்கள் நாம்தாம்.

இன்று செம்பனைத் தோட்டங்களில் வங்கதேசத் தொழிலாளர்கள். ‘கெலிங்’ என்றால் கொதிக்கிற நம்மவரே கோப்பிக் கடையில் ‘ஏய் பங்களா!’ என்று அவர்களைக் கூப்பிடுகிறார். நிஜமாகவே வங்காள மண்ணிலிருந்து வந்தவர்கள் அவர்கள்தாம். வங்காளி என்ற பெயரோ ஏற்கெனவே பஞ்சாபியிடம் இருக்கிறது.