அனுபவமும் ஆராய்ச்சியும்: போல் ஹன்ற் எழுப்பிய வினா

வலது குறைந்தோர் நெடுங்காலமாக ஆராய்ச்சிக்குரிய பொருளாகவே கொள்ளப்பட்டனர், ஆராய்வோராகக் கொள்ளப்படவில்லை. இந்நிலையை மறுத்தோருள் இங்கிலாந்தின் போல் ஹன்ற் குறிப்பிடத்தக்கவர். லீ கோட் பராமரிப்பு விடுதியில் வாழ்ந்த அவர், வலது குறைந்தோர் பன்னிருவரின் அனுபவக் கட்டுரைகளைத் தொகுத்து, களங்கம் எனப் பொருள்படும் 'ஸ்ரிக்மா' என்ற நூலாக 1966இல் வெளியிட்டார்.

அவ்விடுதியினர் தம் வாழ்வைத் தாமே நிர்வகிக்கும் உரிமைக்காகப் போராடியபோது ஆராய்ச்சியாளரின் துணையையும் நாடினர். மில்லர், குவின் ஆகியோர் 1972இல் வெளியிட்ட ஆய்வு, விடுதி வாழ்வைச் 'சமூக மரணம்' எனக் கண்டது. ஆயினும் அம்மரணத்தை விதிக்கும் சமூக அமைப்பை வினாவாது, நிர்வாகச் சீர்திருத்தத்துடன் அமைந்தது. நடுநிலை என்னும் போர்வையில் ஆய்வு எவர் பக்கம் நிற்கின்றது என்பதே ஹன்ற் எழுப்பிய வினாவாகும். அவர் 1979இல் மறைந்தபின், 1981இல் வெளிவந்த கட்டுரை அத்தகைய ஆய்வாளரை ஒட்டுண்ணிகள் எனச் சாடியது.

ஹன்றும் தோழர்களும் அமைத்த சங்கம் 1976இல் வெளியிட்ட அறிக்கை, உடற்குறையையும் இயலாமையையும் வேறுபடுத்தியது. கால் இயங்காமை உடற்குறை. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடம் அத்தகையோரை வெளியே நிறுத்தும்போது தோன்றுவது இயலாமை. முன்னது உடல் சார்ந்தது. பின்னது சமூகம் சுமத்துவது.

தனிமனிதப் புலம்பலாக மட்டும் நின்றிருப்பின் அவ்வெழுத்து இத்தெளிவை எய்தியிராது. பலர் அனுபவங்களை ஒப்புநோக்கிப் பொதுக் காரணங்களைத் தேடியமையே அதன் வலிமை. எனவே தன்னனுபவ எழுத்தைப் பிறர் ஆய்வுக்கான சான்றாக மட்டுமன்றி, அறிவை ஆக்கும் உழைப்பாகவும் மதிப்பிடுதல் விமர்சகர் கடனாகும்.